வெளிச்சம் திரும்பாத குமிழ்

லிந்துலை
08.02.2004

அன்புள்ள லெட்சு,

நான், பிள்ளை, வேலாயி மூவரும் சுகம். உறையில் உன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நாகலெட்சுமி ஓரம்வரை போய்விடுகிறது. ஊர் பெயரை மூலையில் ஒடுக்கி எழுதினேன். தபால் கந்தோரில் அதைப் படித்துவிட்டு, “அம்மானா? யாரு வீட்டு அம்மானுங்க?” என்று கேட்டார்கள். ஜோர்தானில் அப்படி ஒரு ஊர் இருக்கிறது, என் பெண்சாதி அங்கேதான் வீட்டு வேலை செய்கிறாள் என்று விளக்கிவிட்டு வந்தேன்.

உனக்கு ஒரு சேதி. ராசரத்தினம் சேரின் மகன் குகநேசனைத் தெரியும்தானே? நம் கல்யாணத்துக்கு ஒஸ்லோவிலிருந்து வாழ்த்து அட்டை அனுப்பியவன். சேர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தலவாக்கலையில் கணக்குப் படிப்பித்த காலத்தில் அவன் என் பக்கத்து வாங்கில் இருந்தான். போன கிழமை ஸ்டூடியோவுக்குக் கோல் எடுத்தான்.

“டேய் சோலை, நீ இன்னும் படம் திருத்திறியோ?”

“கல்யாண போட்டோவுல கண்ண மூடிக்கிட்டு நின்ன மாமனாருக்கு இப்பதான் கண்ணத் தொறந்துவிட்டேன்” என்றேன்.

“அப்ப எனக்கும் ஒரு வேலை செய்து தா.”

அவன் கம்பியூட்டருக்குள் ஓடும் ஒரு வாத்தியம் செய்திருக்கிறான். சிந்தசைசர் என்கிறான். கோயில் திருவிழாவுக்கு வரும் பாட்டுக் கோஷ்டியிடம் கீபோர்ட் இருக்குமே, அதைப் போல. ஆனால் கையில் பிடிக்க ஒன்றும் இல்லை, திரையில் படம் மட்டும்தான். அந்தப் படத்தில் ரேடியோவில் இருப்பதுபோலத் திருப்புகிற குமிழ்கள் வேண்டும். மவுசால் பிடித்து இழுத்தால் குமிழ் திரும்ப வேண்டும், சத்தம் மாற வேண்டும். சத்தத்தை அவன் பார்த்துக்கொள்வான். குமிழை நான் வரைய வேண்டும்.

ஒரு படம் போதாது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியது போல நிறையப் படங்கள் வரைந்து, ஒன்றின்கீழ் ஒன்றாக ரிப்பன்போல அடுக்கி அனுப்ப வேண்டும். அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்போது குமிழ் திரும்புவதாகக் கண்ணுக்குத் தோன்றும். முதலில் அனுப்பியதைப் பார்த்துவிட்டு, “இது சட்டைப் பொத்தான் மாதிரிக் கிடக்கு” என்றான். இரண்டாவதைப் பார்த்துவிட்டு, “வடிவாத்தான் இருக்கு. ஆனா திரும்பேக்க என்னவோ பிழை. தலை சுத்துது. என்னெண்டு சொல்லத் தெரியேல்லை” என்றான்.

எனக்கும் தெரியவில்லை. பார்த்து வரைய, இந்தத் தோட்டத்து லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பராவில் குமிழ் எங்கே இருக்கிறது? ரேடியோவில் இருந்த ஒன்றும் உடைந்து, இப்போது குறட்டால் திருப்புகிறோம். நீ பெரிய வீட்டில் இருக்கிறாய். மேடம் வீட்டில் திருப்புகிற சாமான்கள் இருக்குமே. பார்த்து எழுது.

பிரியந்திக்கு முன்பல் விழுந்துவிட்டது. வேலாயி தேயிலை மலையிலிருந்து வந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைத்ததுமே பிள்ளையைக் குளிப்பாட்ட இழுத்துக்கொண்டு போய்விடுகிறாள். இப்படி ஒரு தங்கச்சி கிடைத்தது என் அதிர்ஷ்டமாம், இப்படி ஒரு நாத்தனார் கிடைத்தது உன் அதிர்ஷ்டமாம். அவளே சொல்கிறாள்.

உன்
சோலைமலை


அம்மான்
29.02.2004

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, “இவ்வளவு தடிப்பாக உன் புருஷன் என்னதான் எழுதுகிறார்?” என்று மேடம் கேட்டார். குமிழ் என்பதற்கு அரபியில் வார்த்தை தெரியாமல், காஸ் அடுப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். நீங்கள் அடுப்பை எரியவிடச் சொல்கிறீர்கள் என்று நினைத்துப் பயந்துவிட்டார்.

இந்த வீட்டில் குமிழுக்குக் குறையில்லை. அடுப்பில், துணி துவைக்கும் மெஷினில், குளிருக்கு மூட்டும் ஹீட்டரில் எல்லாம் இருக்கிறது. அடுப்புக் குமிழ் கறுப்பு. ஓரம் முழுக்கப் பல் பல்லாக வெட்டியிருக்கும். அந்தப் பல்லுக்குள் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக்கொள்ளும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பேன். நீங்கள் வரைகிற குமிழை யாரும் தேய்க்க வேண்டியதில்லை என்று நினைத்தேன், பொறாமையாக இருந்தது.

ஆனால் பார்க்கவேண்டிய குமிழ் முன்கூடத்தில் இருக்கிறது. ஐயாவின் பழைய பாட்டு மெஷினில் வெள்ளியைப் போல் மினுங்கும் பெரிய குமிழ். அதன் மேல் இசைத்தட்டில் இருப்பதைப் போல மெல்லிய வட்டக் கோடுகள். ஜன்னல் வெளிச்சம் அதில் எதிரெதிராக இரண்டு விசிறி விரித்தது போல விழுந்திருந்தது. திருப்பிப் பார்த்தேன். குமிழில் குறித்திருந்த புள்ளி திரும்பியது, விசிறி திரும்பவில்லை. மறுபக்கம் திருப்பினேன். அப்போதும் அது அசையவில்லை. வெளிச்சம் ஜன்னலுடையது மச்சான், குமிழுடையது இல்லை. உங்கள் படத்தில் விசிறியும் சேர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள்.

மெஷின் நிறுத்தியிருக்கிறது என்று நினைத்துத்தான் தொட்டேன். மூன்றாம் முறை திருப்பியபோது வீடே அதிர ஒரு பாட்டு வெடித்தது. மேடம் ஓடிவந்தார்.

“லெட்சு! என்ன செய்கிறாய்?”

“தூசு தட்டுறேன் மேடம்.”

“இரண்டு பக்கமும் திருப்பித்தான் தூசு தட்டுவார்களா உங்கள் ஊரில்?”

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நம் ஊர் மானம் போனது உங்களால்தான்.

பிள்ளையின் பல்லை என்ன செய்தீர்கள்? நீங்கள் எழுதவில்லை. போன முறை போனில் முழுக்க வேலாயிதான் பேசினாள். பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன், லைன் போய்விட்டது. லைன்தான் போனது, இல்லையா?

ஜூலையில் என் இரண்டு வருஷம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி மேடம் கேட்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்
லெட்சு


லிந்துலை
21.03.2004

என் லெட்சு,

உன் கையைக் கொடு. நான் முழுப் படத்தையும் அல்லவா திருப்பிக்கொண்டிருந்தேன்! மினுக்கமும் நிழலும் குமிழோடு சேர்ந்து சுற்றின. சூரியனே குமிழைச் சுற்றி ஓடியதுபோல. தலை சுற்றாமல் என்ன செய்யும்? இப்போது குமிழின் உடம்பை அசையாமல் வைத்துவிட்டேன். உன் விசிறி இரண்டும் அதே இடத்தில் நிற்கின்றன, நிழல் கீழேயே கிடக்கிறது. மேலே உள்ள புள்ளி மட்டும் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் நகர்கிறது. அவ்வளவுதான் மாற்றம்.

குகநேசன் மவுஸை இழுத்து இழுத்துப் பார்க்கும் சத்தம் போனில் கேட்டது. பிறகு, “சோலை, உண்மையாவே கையை நீட்டித் தொடவேணும் போல கிடக்கடா” என்றான். முழு முகப்பையும் நானே செய்ய வேண்டுமாம். பெரிய குமிழ், சின்னக் குமிழ், மேலும் கீழும் தள்ளும் கட்டை, சுவிட்ச், எல்லாமே. அவனும் அங்கே ஒரு வெள்ளைக்காரக் கூட்டாளியும் சேர்ந்து இதை விற்கப் போகிறார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த வாத்தியத்தின் சத்தத்தை நான் இன்னும் கேட்கவில்லை. நான் வேலை செய்கிற கம்பியூட்டருக்கு ஸ்பீக்கர் இல்லை. ஊமைக்கு நகை செய்கிறேன்.

பல்லைக் கூரை மேல் எறிந்தோம். தகரத்தில் உருண்டு திரும்பி விழுந்துவிட்டது. பிரியந்தி அதற்கு அழுதாள், பிறகு வேலாயி எறிந்தாள், நின்றது.

ஸ்டூடியோ முதலாளி மூக்கன் அண்ணன் இப்போதெல்லாம் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். அது கிடக்கட்டும். நீ கேட்டதை ஆறுதலாகப் பேசுவோம். உடனே ஒன்றும் சொல்லிவிடாதே.

உன்
சோலை


அம்மான்
11.04.2004

மச்சானுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவுக்குப் போன் செய்தேன். உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மூக்கன் அண்ணன்தான் எடுத்தார்.

“சோலையா? அவரு வேலைய விட்டு ஒரு மாசமாச்சே தங்கச்சி. ஒனக்குத் தெரியாதா?”

தெரியும் அண்ணே, மறந்துபோச்சு என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

ஒரு மாதம் என்றால், நீங்கள் விசிறியைப் பற்றியும் ஊமைக்கு நகையைப் பற்றியும் எழுதிய நாளில் உங்களுக்கு வேலை இல்லை. முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று எழுதினீர்கள். இங்கே நான் மற்றவர்கள் வீட்டுக் கழிவறையைக் கழுவுகிறேன் என்று உங்களிடம் மறைத்தேனா?

பிறகு நம் லயத்துக்குப் போன் செய்தேன். பக்கத்து வீட்டில் எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்தார்கள். நான் “பிரியந்தி” என்றேன். அவள் போனை வைத்துக்கொண்டே பின்னால் திரும்பி, “அம்மா, யாரோ பேசுறாங்க” என்று கத்தினாள். வேலாயி ஓடி வந்தாள்.

அன்றைக்கே மேடத்திடம், இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வேலை இல்லாத வீட்டில் ஒருவராவது சம்பாதிக்க வேண்டும். வந்தாலும் அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்?

நாகலெட்சுமி


லிந்துலை
02.05.2004

லெட்சு,

உன் முழுப் பெயரைக் கீழே பார்த்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். மறுநாள்தான் மேலே படித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு கல்யாண ஆல்பம் தேங்கிக் கிடந்தது. மூக்கன் அண்ணன் என் பின்னால் வந்து நின்று, “மாப்பிள்ளையும் பொண்ணும் வாசல்ல நிக்கிறாங்க. நீ வட்டம் வட்டமா வரஞ்சிக்கிட்டு இருக்க. இது என்னா கடையா, கோலம் போடுற எடமா?” என்றார். அவர் சொன்னது நியாயம். “அப்ப நான் போயி வெளியில வரையறேன்” என்று எழுந்து வந்துவிட்டேன். அது கோபம். கோபம் அன்றைக்கே இறங்கிவிட்டது. ஆனால் திரும்பிப் போக மனம் வரவில்லை. இந்த வேலையை முடித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

இப்போது தலவாக்கலையில் அழகுமுத்துவின் கொமியூனிகேஷன் கடையில் இருக்கிறேன். காலையில் அவனுக்குக் கடிதம், விண்ணப்பம் எல்லாம் டைப் செய்து கொடுக்கிறேன், மத்தியானத்துக்குப் பிறகு கம்பியூட்டர் எனக்கு. உனக்கு எழுதாததற்குக் காரணம், எழுதினால் நீ அங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிடுவாய் என்ற பயம். எழுதாமலே அது நடந்துவிட்டது.

பிள்ளை விஷயத்தையும் சொல்கிறேன். அவள் வேலாயியை அம்மா என்று கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. லயத்தில் எல்லாப் பிள்ளைகளும் அம்மா என்று ஓடும்போது அவளுக்கும் ஓட ஓர் ஆள் வேண்டியிருந்தது. வேலாயி முதலில் அதட்டினாள், “நான் அத்தைடி, ஒங்கம்மா வெளிநாட்டுல இருக்காங்க” என்று. பிள்ளை அழுதது. பிறகு அவளும் விட்டுவிட்டாள். உன்னைப் போன் அம்மா என்கிறாள். இதை எந்தக் கடிதத்தில், எந்த வரியில் நான் எழுதுவேன், சொல்.

இன்னொரு அடியும் விழுந்திருக்கிறது. குகநேசனின் கூட்டாளி மேடையில் வாசிக்கிறவர். முகப்பைப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது, ஆனால் மேடையின் மங்கல் வெளிச்சத்தில் எந்தக் குமிழ் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை, வேண்டாம் என்கிறாராம். நான் நிழலுக்கும் மினுக்கத்துக்கும் உழைத்ததில் புள்ளி மறைந்துபோய்விட்டது. “ஜூன் கடைசி வரைக்கும் பார்ப்பம் மச்சான், நான் உனக்காகக் கதைச்சு வச்சிருக்கிறன்” என்றான் குகநேசன்.

அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நடக்காவிட்டால் மூக்கன் அண்ணனிடம் போய் நிற்பேன், சேர்த்துக்கொள்வார். நீ வா. வேலை கிடைத்துவிட்டது, அதனால் வா என்று நான் எழுதவில்லை. வா என்றுதான் எழுதுகிறேன்.

சோலை


அம்மான்
23.05.2004

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் இருந்தேன். மேடம் வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அவர் அந்தக் கதிரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“உன் மகளுக்கு என்ன வயது?”

“ஆறு.”

“வந்தபோது?”

“நாலு.”

நானாகத்தான் சொன்னேன், “மேடம், நான் இருக்கிறேன்னு சொன்னது பிழை. நான் போகணும்.” அவருக்குக் கோபம்தான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கடவுச்சீட்டைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்.

குமிழுக்கு வருகிறேன். அடுப்பில் நடுக் குமிழின் குறி தேய்ந்து எப்போதோ போய்விட்டது. அதைத்தான் அதிகம் திருப்புகிறோம். தீ எவ்வளவு என்று தெரியாமல் ஒரு நாள் பால் பொங்கி வழிந்தது. மேடத்தின் நகப்பூச்சை எடுத்து, நடுவிலிருந்து ஓரம்வரை தடிப்பாக ஒரு கோடு போட்டுவிட்டேன். நல்ல செம்மஞ்சள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசலில் நின்றே தீயின் அளவு தெரிகிறது. மேடம் முதலில் திட்டினார். பிறகு மற்ற நாலுக்கும் அவரே போட்டுவிட்டார்.

உங்கள் வெள்ளிக் குமிழுக்கும் அப்படி ஒரு கோடு போட்டால் என்ன? அழகு கெடும். கெடட்டும். புள்ளி வேண்டாம் மச்சான், கோடு போடுங்கள்.

வேலாயியை ஒன்றும் சொல்லாதீர்கள். நான் அவள்மேல் கோபப்பட்டது நிஜம். இப்போது, அவள் இல்லாவிட்டால் பிள்ளை யாரிடம் ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

லெட்சு


லிந்துலை
20.06.2004

என் லெட்சு,

கோடு போட்டேன். செம்மஞ்சள்தான். முதலில் மனம் கேட்கவில்லை, மணப்பெண் முகத்தில் சாந்தைக் கொட்டியது போல இருந்தது. பிறகு கடை லைட்டை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்று பார்த்தேன். எல்லாக் குமிழும் எங்கே நிற்கின்றன என்று அங்கிருந்தே தெரிந்தது. அன்றைக்கே அனுப்பினேன். கூட்டாளி ஒத்துக்கொண்டார்.

குகநேசன் முழு வாத்தியத்தையும் சீடியில் அனுப்பியிருக்கிறான். அழகுமுத்து எங்கிருந்தோ ஸ்பீக்கர் கொண்டு வந்து மாட்டினான். பெரிய குமிழைப் பிடித்து மெல்ல இழுத்தேன். சத்தம் சேற்றுக்குள் அமுங்கியதுபோல மங்கலாக இருந்தது. இழுக்க இழுக்க, மேகம் விலகி மலை தெரிவதுபோல மேலே வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழகுமுத்து பக்கத்தில் நின்று, “இது பாட்டா? கொழுந்து லொறி ஏத்தத்துல ஏறுற மாதிரில்ல இருக்கு!” என்றான். உண்மைதான், அப்படியும் இருந்தது.

கொழும்பில் தனக்குத் தெரிந்த ஒரு கம்பனியில் திரைக்குப் படம் வரைய ஆள் தேடுகிறார்கள் என்றும் குகநேசன் சொல்கிறான். அதை நீ வந்த பிறகு பேசுவோம். இந்த முறை ஒளிக்கவில்லை, பார்.

கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு வேன் பிடித்து வருகிறேன். பிரியந்தியைக் கூட்டி வரட்டுமா? உன் போட்டோவைக் காட்டி, இதுதான் அம்மா என்று தினமும் சொல்லிக்கொடுக்கிறேன்.

உன்
சோலை


அம்மான்
08.07.2004

மச்சான்,

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்தால் நல்லது. பிள்ளையைக் கூட்டி வாருங்கள், வேலாயியையும் கூட்டி வாருங்கள். ஆனால் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். போட்டோவை எடுத்து வையுங்கள். அவள் என்னை எப்படிக் கூப்பிடுகிறாளோ அப்படியே கூப்பிடட்டும்.

வேனில் போர்வை ஒன்று போட்டு வாருங்கள். நுவரெலியா ரோட்டில் பிள்ளைக்குக் குளிரும்.

லெட்சு


லிந்துலை
24.10.2004

அன்புள்ள மச்சானுக்கு,

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, “மழை பெய்கிறதா?” என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இங்கே மழை எப்போது நின்றது, கேட்பதற்கு? நான் வந்து இரண்டு மாதத்தில் நீங்கள் கொழும்புக்குப் போய்விட்டீர்கள். நம் வீட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? ஆனாலும் மாதம் ஒரு சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்குகிறீர்கள், அதனால் மன்னிக்கிறேன். கம்பனியில் இப்போது பொத்தான் வரையச் சொல்கிறார்கள் என்று எழுதியதைப் படித்துச் சிரித்தேன். சட்டைப் பொத்தான் மாதிரி வரைந்துவிடாதீர்கள்.

இந்தக் கடிதம் எழுதுவது வேறு ஒன்றுக்காக. நீங்கள் வரும்வரை வைத்திருக்க முடியவில்லை.

உங்களுக்குத் தெரியும், பிள்ளை என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தாள். ஊட்டினால் சாப்பிட்டாள், தலை சீவ உட்கார்ந்தாள். “போன் அம்மா, நாடாவ இறுக்காதீங்க” என்பாள். விருந்தாளியிடம் பேசுகிற குரல். சாயங்காலம் வேலாயி மலையிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டால் வாசலுக்குப் பாய்ந்துவிடுவாள். நான் அரிசி புடைத்துக்கொண்டு இருப்பேன்.

நேற்று முன்தினம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் லயத்துப் படியில் வழுக்கி விழுந்தாள். “அம்மா!” என்று ஒரு கத்தல். வேலாயிக்கு அன்று காய்ச்சல், மலைக்குப் போகவில்லை. அவள் தன் காம்பராவிலிருந்து ஓடி வந்தாள், நான் இங்கிருந்து ஓடினேன். இரண்டு பேரும் படியின் மேல் நின்றோம். முட்டியில் ரத்தம், உடம்பெல்லாம் சேறு. மழை கொட்டுகிறது. பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் வைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அவள் பையைக் கழற்றி வேலாயியிடம் நீட்டினாள். காலை என்னிடம் நீட்டினாள்.

“எரியுதும்மா” என்றாள்.

நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேலாயி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் நின்றாள். “எதுக்கு மதினி அழுவுறீங்க, சிராய்ப்புதானே, மஞ்சளப் போட்டா ஆறிடும்” என்றாள். சொல்லிவிட்டுத் தன் காம்பராவுக்குள் போய்விட்டாள். கதவை மூடிய சத்தம் கேட்டது. அவள் பகலில் கதவை மூடுகிற ஆள் இல்லை.

சோறு வடித்ததும் சட்டியோடு எடுத்துக்கொண்டு பிள்ளையையும் கூட்டி அவள் காம்பராவுக்கே போனேன். “இங்கதான் சாப்பிடப் போறோம், எழும்பு” என்றேன். வேண்டாம், காய்ச்சல் என்றாள். பிரியந்தி அவள் போர்வைக்குள் நுழைந்துகொண்டு, “அம்மா, எழும்புங்கம்மா, போன் அம்மா கருவாடு பொரிச்சிருக்காங்க” என்றாள். ஆமாம், நான் மறுபடி போன் அம்மாவாகிவிட்டேன். வேலாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. மூவரும் ஒரே சட்டியில் சாப்பிட்டோம்.

இப்போது பிள்ளை அம்மா என்றால் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கிறோம். யாரைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரிவதில்லை. நான் திருத்தவில்லை. வேலாயி திருத்தப் பார்த்தாள், நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

தீபாவளிக்கு வரும்போது எனக்குச் சேலை எடுப்பீர்கள், தெரியும். இரண்டாக எடுங்கள். வேலாயிக்கு மலிவானது, எனக்கு நல்லது என்று எடுத்துவிடாதீர்கள். ஒரே சேலை, ஒரே நிறம், ஒரே கரை. உடுத்திக்கொண்டு இரண்டு பேரும் வாசலில் நிற்கிறோம். பிள்ளை நன்றாகக் குழம்பட்டும்.

உங்கள்
லெட்சு